தொலைதூர நகரங்களுக்கு இடையே விமான தூரமும் பயண நேரமும்: நீங்களே கணக்கிட முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 15,340 என்று வரும், இன்னோரிடத்தில் 9,530 என்று வரும், மற்றொன்றில் 8,280 என்றும் இருக்கும். மூன்றுமே சரி. முதலாவது கிலோமீட்டர், அடுத்தது சாதாரண மைல், கடைசியில் இருப்பது கடல் மைல். தூரத்தில் உள்ள குழப்பம் பெரும்பாலும் அலகோடு தீர்ந்துவிடும்.

நேரம்தான் பாடாய்ப் படுத்தும். அதே பயணத்துக்கு ஒருவர் 17 மணி 40 நிமிடம் என்பார், அட்டவணையில் 18 மணி 40 நிமிடம் என்று இருக்கும். டிக்கெட்டிலோ இரவு 11.50-க்குக் கிளம்பி விடியற்காலை 5.30-க்கு இறங்குவதாக, ஏதோ பக்கத்து நாட்டுக்குப் போவதுபோலப் போட்டிருக்கும். வானில் பறக்கும் நேரம், கேட்டிலிருந்து கேட் வரையான நேரம், ஊர்க் கடிகாரங்கள் காட்டும் நேரம் என மூன்று கணக்குகள் இங்கே ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இவற்றை வரிசையாகப் பிரித்துப் போட்டால் உலகின் எந்த இரண்டு ஊருக்கும் அரை மணி நேரத் துல்லியத்துக்கு அருகில் நீங்களே சொல்லிவிடலாம். தேவை ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர், ஒரு தாள், கொஞ்சம் பொறுமை.

படி 1: நகரத்தை விடுங்கள், விமான நிலையத்தைப் பிடியுங்கள்

விமானம் நகரத்திலிருந்து கிளம்புவதில்லை. லண்டன், டோக்கியோ, நியூயார்க் போன்ற ஊர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்கள் உண்டு. டிக்கெட் தளங்கள் அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே நகரப் பெயரின் கீழ் காட்டும். நியூயார்க் என்று தேடினால் ஜே.எஃப்.கே., நூவர்க், லாகார்டியா மூன்றும் வரும்.

வான் தூரத்துக்கு இது பெரிய விஷயமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஜே.எஃப்.கே.-க்கும் நூவர்க்குக்கும் உள்ள வித்தியாசம் ஒற்றை இலக்கக் கிலோமீட்டர்தான். தரையில்தான் வேறுபாடு தெரியும். அந்த இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 33 கி.மீ., நடுவில் ஒரு மாநகரமே கிடக்கிறது. ஒன்றில் இறங்கி மற்றதில் அடுத்த விமானம் பிடிக்க வேண்டுமென்றால் அந்தத் தரைப் பயணம் மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும். டோக்கியோவின் நரிட்டா, ஹனேதா கதையும் இதேதான்: நரிட்டா நகர மையத்திலிருந்து 60 கி.மீ.-க்கும் அதிகத் தொலைவில் இருக்கிறது, ஹனேதா ஊரோடு ஒட்டியிருக்கிறது.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகையைச் சரியாக எழுதுங்கள்

தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. இரண்டு நிலையங்களின் எண்களையும் தசம வடிவில் எழுதிக்கொள்ளுங்கள். வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி, தெற்கும் மேற்கும் கழித்தல் குறி.

சிங்கப்பூர் சாங்கி: 1.36, 103.99
நியூயார்க் ஜே.எஃப்.கே.: 40.64, −73.78

பலர் சறுக்கும் முதல் இடம், பாகையும் கலையும் (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு) கலந்து எழுதப்பட்ட எண்களை மாற்றுவது. 40°38′ என்பது 40.38 அல்ல. 38-ஐ 60-ஆல் வகுத்தால் 0.63, ஆக 40.63. இதை 40.38 என்று போட்டுவிட்டால் விமான நிலையம் சுமார் 28 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும். 15,000 கி.மீ. பயணத்தில் அது கண்ணில் படாது, ஆனால் தவறு தவறுதான்.

அடுத்த சறுக்கல் கண்ணில் படும். −73.78 என்பதில் கழித்தல் குறியை மறந்துவிட்டால் நியூயார்க் கிர்கிஸ்தான் மலைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், தூரம் 5,320 கி.மீ. என்று வரும். விடை நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் முதலில் குறியைப் பாருங்கள்.

படி 3: பெருவட்டத் தூரம்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, உருண்டையின் மையம் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு வில். அதைத்தான் பெருவட்டம் என்கிறோம். சூத்திரம் இது:

கோசைன்(கோணம்) = சைன்(அ1) × சைன்(அ2) + கோசைன்(அ1) × கோசைன்(அ2) × கோசைன்(தீ)

அ1, அ2 இரண்டு அட்சரேகைகள். தீ என்பது தீர்க்கரேகைகளின் வித்தியாசம். நம் உதாரணத்தில் தீ = 103.99 − (−73.78) = 177.77.

சைன் பகுதி: 0.02373 × 0.65130 = 0.01546
கோசைன் பகுதி: 0.99972 × 0.75882 × (−0.99924) = −0.75803
கூட்டினால்: −0.74257

இதற்குத் தலைகீழ் கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் 137.95 பாகை வரும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. பெருக்கினால் 15,340 கி.மீ.

கால்குலேட்டர் பாகை முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணினியில் விரிதாளில் போடுபவர்களுக்கு எச்சரிக்கை: அங்கே சைன், கோசைன் எல்லாம் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில்தான் வேலை செய்யும். பாகையை 180-ஆல் வகுத்து பை மதிப்பால் பெருக்கிய பிறகே உள்ளே கொடுக்க வேண்டும். மறந்தால் விடை வரும், பார்க்க நம்பும்படியும் இருக்கும், முழுக்கத் தப்பாக இருக்கும்.

இந்த ஜோடியில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு ஊரும் கிட்டத்தட்ட 180 பாகை எதிரெதிரே இருப்பதால் குறுக்குவழி ஏறக்குறைய வட துருவத்தின் மேலேயே போகிறது. அப்படியானால் சூத்திரமே வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 90 − 1.36, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 90 − 40.64. கூட்டினால் 138 பாகை, 15,345 கி.மீ. வாய்க்கணக்கிலேயே 5 கி.மீ. பிசகில் வந்துவிட்டது.

பூமி சரியான உருண்டை இல்லை என்பது உண்மைதான். நடுவரையில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இதனால் உருண்டைக் கணக்கில் அதிகபட்சம் அரை சதவீதம் வரை பிழை வரலாம். நம் விடையில் அது 10 கி.மீ. அளவுதான், விமானம் ஒரு நிமிடத்துக்குள் கடக்கும் தூரம். நில அளவையாளர்களுக்கு அது முக்கியம். பயண நேரம் போடுபவர் அதற்காக மெனக்கெட வேண்டாம்.

விடையைச் சோதிக்க இரண்டு வழிகள். பூமியின் எந்த இரண்டு இடங்களுக்கு இடையிலும் குறுகிய தூரம் 20,015 கி.மீ.-ஐத் தாண்டவே முடியாது, ஏனென்றால் அது சுற்றளவில் பாதி. அதற்கு மேல் வந்தால் கணக்கு தப்பு. இரண்டாவது, வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் போகும் பாதைதான் பெருவட்டம். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள்; துருவத்தை நோக்கிப் போகப்போக அது நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். லண்டனிலிருந்து டோக்கியோ போகும் பாதை அதில் வடக்கே வளைந்து சுற்றிப் போவதுபோலத் தெரியும். வளைந்திருப்பது வரைபடம்.

அலகு மாற்ற: கி.மீ.-ஐ 1.609-ஆல் வகுத்தால் சாதாரண மைல், 1.852-ஆல் வகுத்தால் கடல் மைல். விமானத் துறை முழுக்கத் தூரத்தைக் கடல் மைலிலும், வேகத்தை ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகிலும்தான் பேசும். பயணிகளுக்கான மைல் புள்ளிகளைத் தூரத்தை வைத்துத் தரும் திட்டங்கள் சாதாரண மைலைப் பயன்படுத்தும். இரண்டையும் குழப்பினால் 15 சதவீதம் பிசகும்.

படி 4: விமானம் உண்மையில் போகும் வழி

பெருவட்டம் வெறும் கணிதம். எந்த விமானமும் அதன் மேல் அச்சுப் பிசகாமல் பறப்பதில்லை. வழக்கமாக 2 முதல் 5 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். சில வழித்தடங்களில் இன்னும் அதிகம். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் காற்றுதான் பெரியது.

9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்ற ஆறு ஓடுகிறது. மணிக்கு 100, 200 கி.மீ. வேகம் சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும். கிழக்கே போகும் விமானம் அதற்குள் புகுந்துகொள்ளும், மேற்கே போகும் விமானம் அதைத் தவிர்க்கச் சுற்றிப் போகும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பல நாட்களில் துருவத்தின் பக்கமே போகாது. வடக்கு பசிபிக்கைக் கடந்து, பின்காற்றைப் பிடித்துக்கொண்டு போகும். தூரம் 16,000 கி.மீ.-ஐத் தாண்டினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பி வரும்போது பல நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து மறுபடியும் கிழக்கு நோக்கியே வரும். போக வரச் சேர்த்து உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது.

காற்று சரிசமமாகத் தந்து வாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், மொத்தத்தில் சமன் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,500 கி.மீ. தூரம், விமான வேகம் 900, காற்று 150. போக 5,500 ÷ 1,050 = 5.24 மணி. வர 5,500 ÷ 750 = 7.33 மணி. மொத்தம் 12.57. காற்றே இல்லாவிட்டால் 12.22 மணிதான். அதாவது 21 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே அனுபவிக்கிறோம், அதுதான் காரணம். போக வர ஒரே வழியில், ஒரே காற்றில் பறந்தால் காற்று எப்போதும் கடன்காரனாகத்தான் விட்டுவைக்கும். மேலே சொன்ன இரண்டு பக்கமும் கிழக்கு நோக்கிய பயணத்தின் சூட்சுமம் இதுதான்.

அடுத்தது, யார் வான்வெளி வழியாகப் போகலாம் என்பது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போன விமானங்கள் 13 மணி நேரம் எடுக்க ஆரம்பித்தன. பெருவட்டத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. ஐரோப்பாவுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் இடையே கணக்குப் போடுபவர்கள் எந்த நாட்டு நிறுவனம் என்று பார்க்காமல் நேரம் சொல்லவே கூடாது.

மூன்றாவது, ஆபத்து நேரத்தில் இறங்க இடம். இரண்டு எஞ்சின் விமானம் ஓர் எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை அடையும்படியே வழி போட வேண்டும். 1985-இல் அந்த எல்லை 120 நிமிடமாகத் தளர்த்தப்பட்டது, 1988-இல் 180 நிமிடம், ஏ350 விமானத்துக்கு 2014-இல் 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. அதனால் கடலைக் கடக்கும் பாதைகள் முன்பைவிட நேராகிவிட்டன. இருந்தாலும் தெற்குப் பசிபிக், தெற்கு இந்தியப் பெருங்கடல் பக்கம் பாதைகள் இன்னும் வளைந்துதான் போகின்றன.

திபெத் பீடபூமி தனிக்கதை. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு, அதாவது 3 கி.மீ. உயரத்துக்கு, இறக்க வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் முகமூடிகளில் ஆக்சிஜன் பெரும்பாலும் கால் மணி நேர அளவுக்குத்தான் வரும். அங்கே தரையே 4 கி.மீ.-க்கு மேல் இருக்கிறது. எங்கே இறக்குவது? அதனால்தான் பெரும்பாலான நீண்டதூர விமானங்கள் அந்தப் பகுதியைச் சுற்றிப் போகின்றன.

துருவப் பாதைகளில் இன்னொரு சிக்கல், குளிர். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை வரம்பு −47 பாகை செல்சியஸ், அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ-வுக்கு −40. வெளியே −65, −70 என்று போகும்போது இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மெல்ல மெல்லக் குளிரும். எல்லையை நெருங்கினால் விமானி வேகத்தைக் கூட்டுவார், அல்லது சற்று வெப்பமான உயரத்துக்கு மாறுவார், அல்லது வழியையே மாற்றுவார்.

வடக்கு அட்லாண்டிக்கில் நிலைமை வேறு. அங்கே அன்றைய காற்றைப் பார்த்து, ஷான்விக், காண்டர் என்ற இரண்டு கட்டுப்பாட்டு மையங்கள் தினமும் புதிதாகப் பாதைகளை வரைகின்றன. பகலில் மேற்கு நோக்கி ஒரு தொகுப்பு, இரவில் கிழக்கு நோக்கி ஒரு தொகுப்பு. நேற்று போன வழியில் இன்று போகாது.

தூரத்தில் எவ்வளவு கூட்டலாம்? தடையில்லாத வழிக்கு 3 சதவீதம். காற்றுக்காகவோ சிறிய வான்வெளித் தடைக்காகவோ வளையும் என்று தெரிந்தால் 6 முதல் 10 சதவீதம். ஹெல்சின்கி - டோக்கியோ போலப் பெரிய தடை என்றால் அதைவிட மிக அதிகம். 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு போயிங் 787-9 சுமார் 50 பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு சோதனையாக இடைநில்லாமல் பறந்தது. பெருவட்டத் தூரம் சுமார் 17,000 கி.மீ., பறந்தது ஏறக்குறைய 17,800 கி.மீ., எடுத்த நேரம் 19 மணி 19 நிமிடம். கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுதல்.

படி 5: வேகத்தைப் போடுங்கள்

விமானத்தின் வேகம் மாக் எண்ணில் சொல்லப்படும். ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பது அது. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. தரையில் 15 பாகையில் மணிக்கு 1,225 கி.மீ., 11 கி.மீ. உயரத்தில் −56.5 பாகையில் 1,062 கி.மீ. மட்டுமே. மாக் 0.85-ஐத் தரை மதிப்பால் பெருக்கி, விமானம் மணிக்கு 1,040 கி.மீ. போகும் என்று எழுதுபவர்கள் உண்டு. சரியான விடை 1,062 × 0.85 = 903.

ஏ350, போயிங் 787, 777 போன்ற பெரிய விமானங்களுக்கு 900 என்று வையுங்கள். ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை இடைவழி விமானங்கள் மாக் 0.78 அளவில், 830.

இதோடு பின்காற்றைக் கூட்டுங்கள், எதிர்காற்றைக் கழியுங்கள். வழி முழுக்க ஒரே காற்று அடிக்காது, சராசரிதான் வேண்டும். நடு அட்சரேகைகளில் கிழக்கே போக ஆண்டுச் சராசரியாக 40 முதல் 80 கி.மீ. கூட்டுவது பாதுகாப்பான ஊகம், மேற்கே போக அதே அளவு கழிக்கலாம். வடக்கு தெற்காகப் போகும் பயணத்தில் காற்றை மறந்துவிடலாம். போக வர நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். காற்று உச்சத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 பிப்ரவரி ஓர் உதாரணம்: கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.-ஐத் தாண்டியது, ஆனால் விமானம் ஒலியின் வேகத்தை மீறவில்லை. காற்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

படி 6: தரையில் போகும் நேரத்தைக் கூட்டுங்கள்

அட்டவணையில் அச்சாகும் நேரம், கேட்டில் நிற்கும் விமானம் உருளாமல் இருக்க வைக்கும் சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து, சேருமிடத்தில் அதை மறுபடி போடுவது வரை. அதில் அடங்கியவை: கேட்டிலிருந்து பின்னுக்குத் தள்ளி ஓடுபாதை வரை ஊர்வது, பெரிய நிலையங்களில் 15 முதல் 30 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இல்லாததால் ஆகும் நஷ்டம், சுமார் 15 முதல் 20 நிமிடம். இறங்கிய பிறகு கேட் வரை 5 முதல் 15 நிமிடம்.

சிங்கப்பூர் - நியூயார்க்குக்குப் போட்டுப் பார்ப்போம். 15,340 உடன் 7 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 16,400. வேகம் 900, சராசரிப் பின்காற்று 30, மொத்தம் 930. வகுத்தால் 17.63 மணி, அதாவது 17 மணி 38 நிமிடம். ஏற்ற இறக்க நஷ்டம் 18 நிமிடம், தரையில் 30 நிமிடம். விடை 18 மணி 26 நிமிடம். அட்டவணைகளில் இந்தப் பயணம் பருவத்துக்கு ஏற்ப பதினெட்டரை மணி முதல் 19 மணி வரை இருக்கிறது. நிறுவனங்கள் தாமதத்துக்காகக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும், மீதி வித்தியாசம் அதுதான். சரியான நேரத்துக்கு வந்தது என்ற பெயர் வேண்டுமே.

அவசரத்துக்கு ஒரே வரியில் வேண்டுமென்றால்: பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து, முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். பெர்த் - லண்டன் 14,500 கி.மீ.: 17.06 + 0.75 = 17 மணி 50 நிமிடம் அளவில் வரும், உண்மை அட்டவணை பதினேழரை மணிக்குப் பக்கத்தில். லண்டன் - நியூயார்க் 5,540 கி.மீ.: 7 மணி 15 நிமிடம், உண்மையில் கிழக்கே வர 7 மணி அளவு, மேற்கே போக 8 மணி அளவு. இந்தச் சூத்திரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கிழக்கே என்றால் 5 சதவீதம் குறையுங்கள், மேற்கே என்றால் 5 சதவீதம் கூட்டுங்கள். இடையில் மூடிய வான்வெளி இருந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது, படி 4-க்குத் திரும்புங்கள்.

படி 7: கடிகாரக் கணக்கு

உள்ளூர் நேரங்களை நேரடியாகக் கழிக்காதீர்கள். ஒரே முறைதான் எப்போதும் கைகொடுக்கும்: புறப்பாட்டை உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்று, பயண நேரத்தைக் கூட்டு, சேருமிடத்தின் உள்ளூர் நேரத்துக்கு மாற்று.

சிங்கப்பூர் பொது நேரத்தைவிட 8 மணி முன்னே, நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னே. திங்கள் இரவு 23.50-க்குப் புறப்பாடு என்றால் பொது நேரம் திங்கள் 15.50. 18 மணி 40 நிமிடம் கூட்டினால் செவ்வாய் 10.30. நியூயார்க்கில் செவ்வாய் காலை 5.30. திரும்பும்போது திங்கள் இரவு 22.30-க்குக் கிளம்பினால் பொது நேரம் செவ்வாய் 3.30, 18 மணி 50 நிமிடம் கூட்டினால் செவ்வாய் 22.20, சிங்கப்பூரில் புதன் காலை 6.20. செவ்வாய்க்கிழமை முழுவதும் விமானத்துக்குள்ளேயே போய்விடும். ஹோட்டல் அறையை எந்தத் தேதிக்குப் பதிவு செய்வது என்பதில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டினால் கிளம்பியதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். டோக்கியோவில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறி 7 மணி நேரம் பறந்து ஹொனலூலுவில் இறங்கினால் அங்கே அதே வெள்ளி காலை 10 மணி. டிக்கெட்டில் அச்சுப்பிழை இல்லை.

கோடைகால நேர மாற்றத்தைக் கவனியுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறில் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறில். இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் 5 மணிக்குப் பதில் 4 மணி. சிட்னி போன்ற தெற்கு நகரங்கள் அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை தலைகீழாக நடக்கின்றன. விமான அட்டவணைகளும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும், ஆகவே ஆறு மாதம் முன்பு பார்த்த நேரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

படி 8: நடுவில் மாறிப் போனால்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நான்-ஸ்டாப் என்றால் எங்கும் இறங்காது. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது என்பதுதான் பொருள். நடுவில் ஓரிடத்தில் இறங்கி, எரிபொருள் போட்டு, ஆட்களை ஏற்றிப் போகலாம்.

எந்த ஊர் வழியாகப் போவது என்பதை இரண்டு கால்களின் பெருவட்டத் தூரத்தைக் கூட்டி, நேர்த் தூரத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். லண்டன் - சிட்னி நேர்த் தூரம் சுமார் 17,000. சிங்கப்பூர் வழியாக 10,880 + 6,300 = 17,180, ஒரு சதவீதம்தான் அதிகம். துபாய் வழியாக 5,500 + 12,040 = 17,540. லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக 8,780 + 12,060 = 20,840, அதாவது 22 சதவீதம் கூடுதல். டிக்கெட் மலிவாக இருந்தாலும் கடைசியில் சொன்னது நாலரை மணி நேரக் கூடுதல் பறப்பு. 10 சதவீதத்துக்குள் இருந்தால் வழி நல்ல வழி.

இடைநிறுத்தம் ஒவ்வொன்றும் காத்திருப்பு நேரத்தைத் தவிர முக்கால் மணி நேரத்தைத் தின்னும், ஏனென்றால் இன்னொரு முறை ஏறி, இறங்கி, ஊர வேண்டும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மாறிப் போகக் குறைந்தபட்ச நேரம் வகுத்திருக்கிறார்கள். ஒரே டிக்கெட்டாக வாங்கினால் தளம் அதற்குக் குறைவான இணைப்பை விற்காது. அந்தக் குறைந்தபட்சம் எல்லாம் சரியாக நடந்தால் மட்டுமே போதும். நீண்ட பயணத்துக்குப் பின் வரும் இணைப்புக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் கதையே வேறு: குடியேற்றச் சோதனை, லக்கேஜை எடுத்து மறுபடி ஒப்படைப்பது எல்லாம் உங்கள் தலையில். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகப் பொறுப்பேற்காது. ஐந்து மணி நேரம் விடுங்கள், அன்றைக்கு ஒரே ஒரு விமானம்தான் என்றால் ஓர் இரவு தங்குங்கள்.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிட, புறப்படும் முன் மூன்று மணி நேரமும் இறங்கிய பின் ஒன்றரை மணி நேரமும் சேர்த்து, அதன்மேல் இரு பக்கத் தரைப் பயணத்தையும் போடுங்கள்.

படி 9: எங்கே பிசகும்

குளிர்காலத்தில் இறக்கைப் பனியை அகற்ற மருந்து தெளிப்பார்கள். வரிசை நீண்டால் அரை மணி நேரம் போய்விடும். சேருமிடத்தில் நெரிசல் என்றால் வானில் வட்டமடிக்க வைப்பார்கள். பின்காற்றில் அரை மணி முன்கூட்டியே வந்துவிட்டால் சில நேரம் கேட் காலியில்லாமல் ஊர்பாதையில் உட்கார வைப்பார்கள், ஆதாயமெல்லாம் அங்கேயே கரையும். மிக நீண்ட வழித்தடங்களில் எதிர்காற்று வழக்கத்தைவிடப் பலமாக இருந்தால் நிறுவனத்துக்கு இரண்டே வழி: சரக்கையோ ஆட்களையோ குறைப்பது, அல்லது நடுவில் எங்காவது இறங்கி எரிபொருள் போடுவது. பின்னது நடந்தால் ஒன்றரை மணி நேரமாவது கூடும்.

எந்த நொடியில் வந்து சேர்ந்ததாக எடுத்துக்கொள்வது என்பதுகூடச் சண்டைக்குரிய விஷயம். தாமத இழப்பீட்டு வழக்கு ஒன்றில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னது: சக்கரம் ஓடுபாதையைத் தொட்டதோ கேட்டில் நின்றதோ கணக்கில்லை, பயணிகள் இறங்கும்படி குறைந்தது ஒரு கதவாவது திறந்த நேரமே வந்து சேர்ந்த நேரம். அங்கே மூன்று மணி நேரத் தாமதம் என்று இழப்பீடு கேட்பவர்கள் கதவு திறந்த நிமிடத்தைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 10: விடையைச் சரிபார்ப்பது

விமானக் கண்காணிப்புத் தளங்களில் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களின் உண்மையான புறப்பாடும் வருகையும் கிடைக்கும். ஒரு நாளைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள், குறைந்தது ஏழு நாளாவது எடுங்கள். அவற்றில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் ஒதுக்கிவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். அந்தத் தளங்கள் பெரும்பாலும் சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொட்டது வரையான நேரத்தைக் காட்டும், ஆக உங்கள் விடையிலிருந்து தரையில் ஊரும் நேரத்தைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 20 நிமிடத்துக்குள் இருந்தால் கணக்கு நன்றாக அமைந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், அந்தப் பயணம் வரைபடத்தில் போன கோட்டைத் திறந்து எங்கே வளைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் கூட்டிய சதவீதம் போதவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். ஜனவரியில் சரிபார்த்த எண்ணை ஜூலைப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம், அந்த மாதத்தின் காற்றோடு மறுபடி ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள்.